மேற்குக் கடலில் அயர்லாந்து

மலாக்கா,
16.7.2025

திருமதி பவானேஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். வாட்சப்பில் நீங்கள் என் எண்ணைத் தடுத்துவிட்டபடியால், நான் அனுப்பிய நான்கு குரல் பதிவுகளும் உங்களைச் சேரவில்லை என்று அறிகிறேன். ஆகவே இக்கடிதம் தபாலில் வருகிறது. பெம்பானுக்கும் மலாக்காவுக்கும் அரை மணி நேரக் கார் பயணம். அதற்குத் தபால் தலை ஒட்ட வேண்டிய நிலை வந்ததற்கு நான் பொறுப்பல்ல.

கடந்த சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிகளுக்கான புவியியல் புதிர்ப்போட்டியில் நான் தலைமை நடுவராக இருந்ததை நீங்களே பார்த்தீர்கள். ‘அயர்லாந்து ஐரோப்பாக் கண்டத்தின் எந்தத் திசையில் உள்ளது?’ என்பது கேள்வி. உங்கள் பள்ளி மாணவி ‘மேற்குக் கடல்’ என்று பதில் சொன்னாள். மண்டபமே சிரித்தது. மேற்குக் கடல் ஒரு திசையா? எட்டுத் திசையில் அது எத்தனையாவது?

அன்று மாலை வீட்டில் நம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ‘கண்டங்களும் திசைகளும்’, பக்கம் முப்பத்தொன்று. ‘ஐரோப்பாவின் மேற்குக் கடலில் அயர்லாந்து அமைந்துள்ளது.’ பக்கம் நாற்பத்து நான்கில், ‘ஆசியாவின் கிழக்குக் கடலில் ஜப்பான்.’ எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நீங்கள் தமிழாக்கம் செய்ய நான் மலாயில் எழுதித் தந்தது பாராட் லாவுட். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும், அது வடமேற்கு. நீங்கள் பாராட்டை ஒரு பக்கம் பிய்த்து மேற்கு என்றும், லாவுட்டை இன்னொரு பக்கம் பிய்த்துக் கடல் என்றும் போட்டிருக்கிறீர்கள். தீமோர் லாவுட்டுக்கும் அதே கதி. வடகிழக்கு எங்கே, கிழக்குக் கடல் எங்கே? அழுகிய மீனைக் கழுவாமல் சட்டியில் போட்டதுபோல் இருக்கிறது. அதில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் புவியியல் போதித்தவள் நான். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும்போது முகப்பில் உங்கள் பெயர் இடம்பெறாது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான வருத்தத்தை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ரோகினி திருக்குமரன்


பெம்பான்,
21.7.2025

ரோகினி அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கோயில் கும்பாபிஷேக அறிக்கை மாதிரி இருந்தது. ஆறு வருஷமாக என்னை ‘ஏய் பவானி, நீ’ என்றுதான் கூப்பிடுவீர்கள். இப்போது ‘நீங்கள்’, ‘இதன்மூலம்’, ‘இங்ஙனம்’. டைப் அடித்து, கீழே இங்கிலீஷில் கையெழுத்து. கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடுமா?

சரி, நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இரண்டு பக்கக் கடிதத்தில் அயர்லாந்து இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, அழுகிய மீன்கூட இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே? அவளுக்குத் திவ்யதர்ஷினி என்று ஒரு பெயர் இருக்கிறது. பதினோரு வயது. ‘உங்கள் பள்ளி மாணவி’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

மேடையில் நடந்ததில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நான் எழுதுகிறேன். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவள் பதில் சொன்னதும் நீங்கள் மைக்கைக் கிட்டே இழுத்தீர்கள். வாயில் கறிபாப் பலகாரம் இருந்தது.

“ஐயோ கடவுளே, மேற்குக் கடலா? எந்த எஸ்டேட்டுலமா இந்த ஜியோகிராபி சொல்லிக் குடுத்தாங்க?”

மண்டபம் சிரித்தது. உங்கள் வாயிலிருந்து ஒரு துணுக்குத் தெறித்து மைக்கில் ஒட்டியது. அதை டிஷுவால் துடைத்துக்கொண்டே நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் அதுதான் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு என்னால் கறிபாப் சாப்பிட முடியவில்லை.

“உங்க புக்லதான் டீச்சர் இருக்கு,” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். எதிர்த்துப் பேசவில்லை.

“பொய் சொல்லக் கூடாது. என் புக்கை நான் வரிவரியா பார்த்திருக்கேன்லா. தப்பா சொல்லிட்டு பொய் வேற. அஞ்சு மார்க் வெட்டுங்க.”

ஐந்து மதிப்பெண் வெட்டினார்கள். மூன்று மதிப்பெண்ணில் எங்கள் பள்ளி தோற்றது. அது போகட்டும். அன்று மாலையே புத்தகத்தைப் பார்த்தேன் என்கிறீர்கள். அப்படியானால் அன்று மாலையே அவள் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உட்கார்ந்து உங்கள் பெயருக்காக மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சீ என்று வருகிறது அக்கா. வேறு நல்ல வார்த்தை எனக்கு அகப்படவில்லை.

திவ்யதர்ஷினி ஏழு கண்டங்களையும் பரப்பளவு வரிசையில் சொல்வாள். ஆசியா, ஆப்பிரிக்கா என்று தொடங்கினால் ஆஸ்திரேலியாவில் போய்த்தான் மூச்சு விடுவாள். இப்போது என்ன கேட்டாலும் ஒரே பதில். “தெரியாது டீச்சர்.” இன்று வகுப்பில் நாம் இருக்கும் கண்டம் எது என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது டீச்சர்” என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தன் ‘மேற்குக் கடல்’ என்று கத்தினான். அவளுக்கு இப்போது அதுதான் பட்டப்பெயர்.

அந்த வரியை நான்தான் எழுதினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் படியும் புரூபும் கோலா சுங்கை பாருவில் என் அண்ணன் வீட்டில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. தேடி எடுத்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிறேன். என் தப்பு என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். எனக்குக் கவலையில்லை.

ஆனால் நீங்கள் ஒரு திங்கட்கிழமை எங்கள் பள்ளிச் சபைகூடலுக்கு வரவேண்டும். மைக்கில்தான் பொய் என்று சொன்னீர்கள். மைக்கில்தான் பொய்யில்லை என்றும் சொல்லவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பவானேஸ்வரி


மலாக்கா,
29.7.2025

திருமதி பவானேஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தின் நடை வருத்தம் தருகிறது. ஓர் ஆசிரியை இன்னோர் ஆசிரியைக்கு எழுதும் மொழி அதுவல்ல.

தோட்டம் பற்றி நான் சொன்னது நகைச்சுவைக்காக. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்கள் தாழ்வு மனப்பான்மையைக் காட்டுகிறது. நான் எந்தத் தோட்டத்தையும் இழிவாக நினைத்ததில்லை. ஆனால் தரம் என்று ஒன்று உண்டு. இப்போது புத்தகத்தை முழுவதுமாகப் பார்த்ததில் இன்னும் பல அழுக்குகள் வெளியே வருகின்றன. பக்கம் பன்னிரண்டில் ‘ஆப்பிரிக்கா நாட்டில்’ என்று இருக்கிறது. ஆப்பிரிக்கா நாடல்ல, ஐம்பத்து நான்கு நாடுகள் உள்ள கண்டம். கண்டத்துக்கும் நாட்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் கண்டங்களைப் பற்றிப் புத்தகம் எழுதலாமா? பக்கம் பத்தொன்பதில் மத்தியக் கிழக்கு ஒரு கண்டம்போல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு வட்டாரம். சோற்றில் கல் இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். கரப்பான்பூச்சி இருந்தால் தட்டையே தள்ளிவிட வேண்டியதுதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் நான் புரூபை வரிவரியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தந்தேன். அப்போது இந்தப் பிழைகள் இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. ஆகவே நான் சரிபார்த்துத் தந்த பிறகு நீங்கள் யாரையும் கேட்காமல் மாற்றியிருக்கிறீர்கள் என்றே முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. இதனைப் புத்தகக் குழுவுக்கும் தெரிவிக்க உத்தேசித்துள்ளேன்.

அந்த மாணவி விவகாரம் காலப்போக்கில் சரியாகிவிடும். பிள்ளைகள் எதையும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை.

இங்ஙனம்,
ரோகினி திருக்குமரன்


பெம்பான்,
11.8.2025

அக்கா,

கோலா சுங்கை பாருவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கரையான் இன்னும் வரவில்லை. புரூப் முழுசாக இருந்தது.

முதலில் என் அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கடல் என்று எழுதியது நான்தான். யாரும் மாற்றவில்லை. கையெழுத்துப் படியிலும் புரூபிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கா நாடும் என் கைவேலைதான். பள்ளி விடுமுறையில் தொண்ணூறு பக்கம் மொழிபெயர்த்தேன், அவசரம் என்று சொல்லலாம். சொல்லமாட்டேன். திசைகாட்டிப் பக்கத்தில் பாராட் லாவுட்டுக்கு வடமேற்கு என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தீவுகள் வரும் இடத்தில்தான் புத்தி சறுக்கியிருக்கிறது. அயர்லாந்து மேற்கே கடலில்தானே கிடக்கிறது? ஜப்பான் கிழக்கே கடலில்தானே? வாக்கியம் பொய்யாகத் தெரியவில்லை. கோலா சுங்கை பாருவில் பிறந்தவளுக்கு அது இன்னும் மோசம். மலாக்கா மாநில வரைபடத்தில் எங்கள் ஊர் வடமேற்கு மூலை. வீட்டு வாசலில் நின்றால் மேற்கே கடல். பாராட் லாவுட் என்றால் எங்களுக்கு மீன்காரர்கள் வரும் பக்கம். எனக்குள்ளே திசையும் கடலும் சின்ன வயசிலேயே ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருக்கின்றன.

எங்கள் பள்ளி மலாய் ஆசிரியையிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் கடல் இருந்த பக்கத்தைத்தான் லாவுட் என்று சொல்லியிருப்பார்கள், அதுவே பிறகு திசைப் பெயரில் தங்கிவிட்டது என்றார். அதைச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. ஆசிரியை நான். தப்பு தப்புதான்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் சரிபார்த்த புரூபில் வரைபடங்கள் வரும் பக்கமெல்லாம் சிவப்பு மை. பூமத்தியரேகை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனதற்குக்கூடக் கோடு போட்டிருக்கிறீர்கள். எழுத்து வரும் பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. எண்பது பக்கம், ஒரு புள்ளி இல்லை. பக்கம் ஐம்பதில் ஒரே பத்தி இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது. அதற்கும் கோடு இல்லை.

பக்கம் முப்பத்தொன்றின் ஓரத்தில் நான் பென்சிலில் எழுதியிருக்கிறேன். எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. ‘அக்கா, இந்த வரி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. திசையா, கடலா? நீங்கள் பார்த்துச் சரியானதைப் போடுங்கள்.’ அதற்குக் கீழே உங்கள் சிவப்பு மை. இங்கிலீஷில் ஓகே. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

போட்டோஸ்டேட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டால் அதற்குச் சிரிக்கும் முகமா போடுவார்கள்? நீங்கள் படிக்கவே இல்லை. படிக்காமல் ‘வரிவரியாக’ என்று ஒரு பிள்ளையின் முகத்தில் சொன்னீர்கள். பிறகு நான் திருட்டுத்தனமாக மாற்றினேன் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை முற்றத்தில் எறிந்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டுத்தான் திரும்ப எடுத்தேன்.

உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உங்கள் மலாய்க் குறிப்பிலிருந்து நான் கற்ற ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் கிடையாது, ஒரே நிலம், யூரல் மலையைக் காட்டி மனிதர்கள்தான் பிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தமிழில் எழுதும்போது எனக்குப் பிடித்திருந்தது. மேடையில் ‘எந்த எஸ்டேட்’ என்று கேட்டீர்களே, அப்போது நீங்கள் இருந்தது மலையின் எந்தப் பக்கம்? உங்கள் தாத்தா சிலோனிலிருந்து கிளார்க்காக வந்தார். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தார். இறங்கியது ஒரே நாட்டில்.

நான் புத்தகக் குழுவுக்கு எதையும் அனுப்பப் போவதில்லை. திங்கட்கிழமைச் சபைகூடல் காலை ஏழரைக்கு. வாருங்கள்.

பவானேஸ்வரி


மலாக்கா,
19.8.2025

திருமதி பவானேஸ்வரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் இணைப்பும் கிடைக்கப்பெற்றேன். பழையனவற்றைக் கிளறுவதால் யாருக்கும் பயனில்லை. மாணவியின் நலன் கருதி வரும் 25ஆம் தேதி, திங்கட்கிழமை, உங்கள் பள்ளிக்கு வருகை தர இசைந்துள்ளேன். அத்துடன் இவ்விவகாரம் இனிதே நிறைவுற்றதாகக் கருதவும்.

இங்ஙனம்,
ரோகினி திருக்குமரன்


பெம்பான்,
26.8.2025

அக்கா,

வந்தீர்கள். வராமலே இருந்திருக்கலாம்.

பட்டுச்சேலை, பெரிய அட்லஸ், ஒரு டின் சாக்லேட். மைக்கைப் பிடித்து, “ஒரு சின்ன பிரிண்டிங் மிஸ்டேக்னால இந்தப் பொண்ணுக்கு மனசு கஷ்டமாயிடுச்சு” என்றீர்கள். அச்சு இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படமெடுத்துக்கொள்ள அவள் தோளில் கையைப் போட்டீர்கள். அவள் கல் மாதிரி நின்றாள். பொய் சொன்னது அவள் இல்லை என்ற ஒரு வாக்கியத்துக்காகத்தான் கூப்பிட்டேன். அது மட்டும் வரவில்லை. பிள்ளையின் வாயைச் சாக்லேட்டால் அடைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தீர்கள். அந்த டின்னை அவள் திறக்கவே இல்லை. ஆசிரியர் அறையில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. சபைகூடல் முடிந்ததும் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். பக்கம் முப்பத்தொன்றைத் திறந்து நீட்டினாள். ஆறு வாரத்தில் அவள் தானாக ஒருவரிடம் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நீங்க வாசிங்க டீச்சர்.”

உங்கள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

“கண்ணாடி கொண்டு வரலமா.”

கண்ணாடி சங்கிலியில் உங்கள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எப்போதும் குரல் பதிவு. ஒரு தடவைகூடத் தமிழில் ஒரு மெசேஜ் இல்லை. குறிப்பெல்லாம் மலாயில். கையெழுத்து இங்கிலீஷில். இந்தக் கடிதங்களின் ‘இங்ஙனம்’ உங்கள் வாய்ச்சொல் இல்லை, கோயில் காரியதரிசியாக இருக்கும் உங்கள் வீட்டுக்காரருடையது. என் பென்சில் எழுத்துக்குக் கீழே சிரிக்கும் முகம்.

அக்கா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அப்படித்தானே?

தெரியாதது அசிங்கம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டியிருப்பேன், டீ குடித்துக்கொண்டே முடித்திருக்கலாம். தெரியாததை மறைப்பதற்கு ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினீர்களே, அதுதான் அசிங்கம். ஒரே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ‘ஒருவேளை இருக்கலாம், பார்க்கிறேன்’ என்று ஒரு வார்த்தை?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் உங்களைத் திட்டும் வாய் எனக்குக் கூசுகிறது. அன்று மண்டபத்தில் என் கைப்பையில் புத்தகம் இருந்தது. அவள் ‘உங்க புக்லதான் இருக்கு’ என்றதும் எடுத்துப் புரட்டினேன். அவள் இன்னும் மேடையில் நிற்கும்போதே பக்கம் முப்பத்தொன்றைப் பார்த்துவிட்டேன். பார்த்ததையே பார்க்காத மாதிரி மனசுக்குள் தள்ளிவிட்டு, பெட்டியைத் தேடுகிறேன் என்று உங்களுக்கும் எழுதினேன். எழுந்து நின்று, ‘அவள் சொல்வது உண்மை’ என்று சொல்ல எனக்கு ஐந்து விநாடி போதும். பின்முகப்பில் என் படம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைத் திரும்பப் பையில் வைத்து ஜிப்பைப் போட்டேன். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. என்னை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

இதை நேற்று வகுப்பில் திவ்யதர்ஷினியிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். தப்பாக எழுதியது நான், சும்மா உட்கார்ந்திருந்ததும் நான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு ஐரோப்பாவின் எல்லை எது என்று கேட்டேன்.

“தெரியாது டீச்சர்.”

என் பங்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மீதி உங்களிடம் இருக்கிறது. இனிமேல் டைப் அடித்த கடிதம் வந்தால் பிரிக்கமாட்டேன்.

பவானேஸ்வரி


மலாக்கா
22.9.2025

பவானி,

இதை நானே எலுதுகிறேன். மூன்று நாள் ஆனது. கோபிக்காதே.

நீ சொன்னது சரி. முன்னால் வந்த கடிதம் எல்லாம் நான் சொல்ல அவர் டைப் செய்தது. என் அப்பா என்னை கான்வெண்டில் போட்டார். வீட்டில் தமிழ் பேச்சு மட்டும். எலுத்து சின்ன வயதில் கோயிலில் ஒரு வருசம். பிறகு மறந்து விட்டது.

சிலோன்காரர் தமிழ் சுத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் இல்லை என்று சொன்னது இல்லை. கேட்க நன்றாக இருக்கும். நாற்பது வருசம் அப்படியே போனது.

புரூப் வந்த கிழமை அவர் இந்தியாவுக்கு கோயில் பார்க்க போயிருந்தார். வேறு ஆளிடம் வாசிக்க சொன்னால் தெரிந்து விடும். மேப் எல்லாம் பார்த்தேன். எலுத்து பார்க்க வில்லை. உன் பென்சில் எலுத்து ஏதோ வாழ்த்து என்று நினைத்து ஓகே போட்டேன். நினைத்தால் எனக்கே சீ என்று இருக்கிறது.

உங்கள் பல்லிக்கு வந்த அன்று அந்த பிள்ளை வாசி என்றாள். வாயில் வர வில்லை. கண்ணாடி கலுத்தில் இருந்தது. அவள் பார்த்தாள். அன்றைக்கு இருந்து எனக்கு சோறு இறங்க வில்லை.

இதை அவள் வகுப்பில் சத்தமாக வாசிக்கட்டும். நான் சொல்ல வேண்டியது இது.

திவ்யதர்ஷினி பொய் சொல்ல வில்லை. பொய் சொன்னது நான். வரி வரியாக பார்த்தேன் என்று மைக்கில் சொன்னேன். ஒரு வரியும் பார்க்க வில்லை. எந்த எஸ்டேட் என்று கேட்டதும் நான். அது ஜோக் இல்லை. மண்ணிப்பு.

அயர்லாந்து வடமேர்க்கு.

ரோகினி


பெம்பான்,
30.9.2025

ரோகினி அக்கா,

குமட்டல் எல்லாம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். அப்படி எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் உங்கள் கடிதத்தை இந்த முறை எறியவில்லை.

நேற்று வகுப்பில் திவ்யதர்ஷினியிடம் கொடுத்தேன். முன்னால் வந்து நின்று வாசித்தாள். ‘உங்கள் பல்லிக்கு வந்த அன்று’ என்ற இடத்தில் வகுப்பே உருண்டு சிரித்தது. கூரையில் பல்லியைத் தேடினார்கள். அவள் சிரிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மீதியையும் கடைசி வரை வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

வாசித்து முடித்ததும் கடிதத்தை மேசையில் விரித்து, என் சிவப்புப் பேனாவைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாக வட்டம் போட்டாள். வடமேர்க்குக்கு இரண்டு வட்டம். பிறகு நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்.

“இவங்க அன்னிக்கு வேணும்னு பொய் சொல்லல டீச்சர். நெஜமாவே இவங்களுக்குத் தெரியல.”

“எத்தனை மார்க் போடலாம்?” என்று கேட்டேன். ஜூலை மாதத்துக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் ‘தெரியாது’ தவிர வேறு பதில் வந்ததில்லை. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“தொண்ணூத்தஞ்சு,” என்றாள். “அஞ்சு மார்க் வெட்டியாச்சு.”

தாளை இத்துடன் அனுப்புகிறேன். வட்டம் போட்ட சொல் ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதித் திருத்தம் செய்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்கிறாள். வீட்டுக்காரரைக் கேட்டு எழுதக் கூடாதாம்.

பவானி